மான்வேட்டை மூடிய வருடம்

எங்கள் வயதுக்காரருக்குத்தான் இதைச் சொல்லலாம். விசா புதுப்பிக்கிற மாதம் நெருங்கினால் அம்மாமார் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டதும், தபால்காரர் படியேறுகிற சத்தத்துக்கு அப்பாமார் கதையைப் பாதியில் நிறுத்தியதும் உங்களுக்கு நினைவிருக்கும். என் பிள்ளைகளிடம் சொன்னால், "ஏன் அப்படிப் பயந்தீர்கள்?" என்று டேனிஷில் கேட்கிறார்கள். ஒரு வசனத்தில் சொல்ல முடியாது. ஒரு குளிர்காலம் முழுவதையும் சொல்லவேண்டும்.

அப்போது நாங்கள் டென்மார்க்கில், ஓல்போர்க் நகரின் கிழக்குப் பக்கத்தில், செங்கல் அடுக்குமாடி ஒன்றில் இருந்தோம். அப்பா மன்னார்க் கரையில் சொந்த வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். இங்கே மீன் தொழிற்சாலையில் மேசைக்கு முன்னால் நின்று, யாரோ பிடித்த மீனை வெட்டினார். அம்மா தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு டேனிஷ் வகுப்புக்குப் போய்வந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் டேனிஷ் ஒழுங்காகத் தெரிந்த ஆள் நான்தான். வங்கியில், பல் மருத்துவரிடம், கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாயாக இருந்தது நான்.

எங்களுக்கு நேர்கீழ் வீட்டில் கிறீன்லாந்திலிருந்து வந்த பெண் ஒருவர் மகளோடு இருந்தார். வந்த புதிதில் அம்மா அவரைச் சீனாக்காரி என்று நினைத்து, படியில் காணும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்து வணங்குவார். அவரும் இது எங்கள் நாட்டுப் பழக்கமென்று நினைத்துத் திரும்பக் குனிவார். இரண்டு பேரும் இப்படி ஒரு மாரி முழுக்கக் குனிந்தபிறகுதான் அவருடைய மகள் எனக்கு விஷயத்தைச் சொல்லி, நான் அம்மாவுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் கீழ்வீட்டு அன்ரி. மகள் பாடசாலையில் எனக்கு ஒரு வகுப்பு மேலே. காலையில் நான் இறங்கும்வரை கதவடியில் நிற்பாள். அவளுடைய கடல்நாய்த் தோல் சப்பாத்துக்கு எண்ணெய் வாசம் இருக்கும். வகுப்பில் அதற்காக அவளைப் பகிடி பண்ணினார்கள். என்னைக் கறி வாசத்துக்காகப் பகிடி பண்ணினார்கள். அதனால் சேர்ந்தே நடந்தோம்.

அன்ரியின் அண்ணன் வடக்கே வேட்டைக்காரர். டேனிஷில் றென்ஸ்டூர் என்பார்களே, அந்தப் பனிமான்தான் அவருக்குத் தொழில். துறைமுகத்துக்கு வருகிற கிறீன்லாந்துக் கப்பலில் யாரிடமாவது இறைச்சி கொடுத்துவிடுவார். எங்களுக்கும் ஒரு துண்டு வரும். கொழுப்பே இல்லாத, கறுப்புச் சிவப்பான இறைச்சி. உருகும்போது ஈரப் பாசியின் வாசம் எழும். அம்மா அதை யாழ்ப்பாணத் தூள் போட்டுப் பிரட்டுவார். அப்பா முதல் வாய் வைத்துவிட்டு, "புல்லுத் திண்ட மாடுமில்லை, குழை திண்ட ஆடுமில்லை. இது காத்துத் திண்ட மிருகம்," என்றார்.

அடுத்த இலையுதிர்காலத்தில் அந்த வேட்டைக்காரரே வந்து சேர்ந்தார். நான் வேட்டைக்காரர் என்றால் பெரிய ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அப்பாவைவிடக் குள்ளம். வெயிலில் காய்ந்த முகம். கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை. நீலப் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். அவ்வளவும் மான் இறைச்சி. வருகிற வசந்தத்தில் மருமகளுக்குக் கொன்ஃபிர்மேஷன். தேவாலயத்தில் நாங்கள் உறுதிப்பூசுதல் என்று சொல்வது. அவர்களுக்கு அது கலியாணவீடு போல. ஊராட்கள் எல்லோரும் வருவார்கள். மேசையில் மான் இல்லாவிட்டால் அது விருந்தே இல்லை. அன்ரியின் வீட்டில் இருந்தது சின்னக் குளிர்ப்பெட்டி. எங்கள் சனத்தின் வீடுகளில் அப்போதே ஆள் படுக்கக்கூடிய அளவு ஃபிரீசர் இருந்ததல்லவா. பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

அவர் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. அந்த வருடம் அங்கே மான்வேட்டையை மூடிவிட்டார்கள்.

வேலை முடிந்து அப்பா வந்ததும் அவர் மேலே வருவார். இரண்டு பேரும் குசினி மேசையில் இருந்து உடைந்த டேனிஷில் கதைப்பார்கள். அப்பா அவரை "அண்ணை" என்பார். அது ஒரு மரியாதைச் சொல் என்று தெரிந்ததும் அவரும் அப்பாவை "அண்ணை" என்று கூப்பிடத் தொடங்கினார். நான் வீட்டுப்பாடம் செய்வதுபோல இருந்து, அவர்களுக்குச் சொல் வராதபோது எடுத்துக்கொடுப்பேன்.

"முந்தி எத்தனை எண்டாலும் சுடலாம். பிறகு ஆளுக்கு இவ்வளவு எண்டவை. பிறகு அதிலயும் பாதி. இந்த வருசம் மலைப்பக்கம் துவக்கோட போகக்கூடாதாம்," என்றார் வேட்டைக்காரர். "ஒவ்வொரு வருசமும் புதுக் கதை. நான் படகுக்கு எஞ்சின் வாங்கின வருசம்தான் பாதியாக்கினவை."

"ஆர் எண்ணினது?" என்று அப்பா கேட்டார்.

"பிளேனில போய் எண்ணினவை. மேலயிருந்து பாத்தா மானும் கல்லும் ஒரே நிறம் அண்ணை."

அடுப்படியில் நின்ற அம்மா திரும்பி, என்னைக் கொண்டு கேட்பித்தார்: "உண்மையாவே மான் குறைஞ்சிருந்தா?"

வேட்டைக்காரர் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "ஒரு பள்ளத்தாக்கில நானும் காணேல்லைத்தான். பயந்தனான். ஆனா மான் ஒரு இடத்தில நிக்கிற மிருகமில்லை. குறைஞ்சா முதல் பட்டினி கிடக்கிறது நான். என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே."

அப்பா மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். "எங்களுக்குச் சண்டை நேரம் நேவி கடலில கோடு போட்டான். கரையில இருந்து இவ்வளவு தூரம் எண்டு. அடுத்த கிழமை கோடு கிட்ட வந்திடும். பிறகு எஞ்சின் பூட்டக்கூடாது. பிறகு இருட்டினாப் போகக்கூடாது. கடைசியில கடலே இல்லை."

"மீன் குறைஞ்சதோ?"

"மீன் இருந்தது அண்ணை. ஆக்கள்தான் குறைஞ்சது."

அன்றைக்கு வேட்டைக்காரர் எழும்பிப் போகும்போது அப்பாவின் தோளில் கைவைத்துவிட்டுப் போனார். அப்பாவை யாரும் அப்படித் தொட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த புளொக்கில் எங்கள் ஆள் ஒருவர் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் முதல் டென்மார்க்குக்கு வந்தவர். சட்டம், வரி, வைத்தியம் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லுகிறவர். அவரை எல்லோரும் மாமா என்போம். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார், ஹோர்சன்ஸாக இருந்தாலென்ன, கிரின்ஸ்டெட்டாக இருந்தாலென்ன. நத்தார்ப் பண்டிகை முடிந்த கிழமை அவர் வந்தபோது அம்மா ஃபிரீசரைத் திறந்து மீன் எடுத்துக்கொண்டிருந்தார்.

"உதென்ன பெட்டி, தங்கச்சி?"

அம்மா சொன்னார்.

"அங்க மான்வேட்டையைத் தடை செய்தாச்சே. பேப்பரில கிடந்தது. தடை செய்த மிருகத்தின்ர இறைச்சியோ வீட்டில வைச்சிருக்கிறியள்?"

"அது எங்கட இல்லை. கீழ்வீட்டு ஆக்களின்ர."

"ஆற்ற ஃபிரீசர்? உங்கட. அவை டென்மார்க் பாஸ்போட் ஆக்கள், அவைக்கு ஒண்டும் நடக்காது. உங்களுக்கு விசா எப்ப புதுப்பிக்கிறது?"

"மாசியில."

மாமா வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். வாய் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால்கூட அம்மா அவ்வளவு பயந்திருக்கமாட்டார்.

அன்றிலிருந்து அம்மா ஃபிரீசரை மூடினபிறகு அதன்மேல் போர்வை ஒன்றை விரிக்கத் தொடங்கினார். அப்பாவிடம் சொன்னார். அப்பா, "அந்த மனுசன் களவு செய்யிற ஆளில்லை," என்று முடித்துவிட்டார். "நீங்கள் அவரிட்டக் கேளுங்கோவன்," என்றார் அம்மா. "விருந்தாளியிட்ட நீ களவெடுத்தனியோ எண்டு கேக்கச் சொல்லுறியோ?" அதோடு அந்தக் கதை வீட்டில் ஓய்ந்தது. ஓய்ந்ததே தவிர முடியவில்லை. ஃபிரீசரின் மோட்டார் உறுமத் தொடங்கினால் அம்மாவின் கை நின்றுவிடும். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் தம்பியைத் தூக்கிவைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பார். அந்தப் பயம் எனக்கும் தொற்றியது. வகுப்பில் இருக்கும்போது திடீரென்று ஃபிரீசர் நினைவு வரும். பென்சிலைக் கடிப்பேன். மரத் தூளும் வர்ணமும் நாக்கில் ஒட்டும்.

விசா அலுவலாகப் போகவிருந்த கிழமையில் பொலிஸ்காரர் ஒருவர் எங்கள் படிக்கட்டில் ஏறினார். நான் வீட்டில் இருந்தேன். கீழே ஒவ்வொரு கதவாகத் தட்டுவது கேட்டது. பிறகு எங்கள் கதவு. அம்மா என் வாயைப் பொத்தினார். உள்ளங்கையில் வெங்காய வாசம். தம்பி எப்படி அழாமல் இருந்தான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் இன்னொரு தரம் தட்டிவிட்டு மேலே போனார்.

அடுத்த நாள் நான் பாடசாலையால் வந்தபோது குளியலறைக் கதவு திறந்திருந்தது. அம்மா முழங்காலில் நின்று தம்பியின் தள்ளுவண்டித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் வெளிர்ச் சிவப்பாக ஓடியது. முதலில் தம்பிக்கு ஏதோ என்று நினைத்து நான் கத்தினேன். தம்பி கட்டிலில் இருந்து கரண்டியால் கோப்பையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"கத்தாதை. இறைச்சி ரத்தம்தான்," என்றார் அம்மா. "அப்பாவுக்கு நான் சொல்லுறன். நீ வாய் திறக்காதை."

புளொக்குகளுக்குப் பின்னால் ஒரு சின்ன மரக்காடு இருந்தது. அம்மா இறைச்சியை இரண்டு தரமாகத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே மரங்களுக்கிடையில் பனிக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறார். குப்பைத் தொட்டியில் சாப்பாட்டுப் பொருளைப் போட அவருக்கு மனம் வரவில்லை. தம்பியைத் தனியே வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பின்னாளில் அவர் அதிகம் நினைத்துப் பதறியது அதைத்தான்.

அப்பா வேலையால் வந்து, அம்மா சொன்னதைக் கேட்டதும் கதிரையில் இருந்தபடியே இருந்தார். ஏசவில்லை. கடைசியில், "நான் போய்ச் சொல்லுறன்," என்று எழும்பினார்.

"வேண்டாம். செய்தது நான்," என்றார் அம்மா. என் பக்கம் திரும்பினார். "நீ வா. எனக்கு அவ்வளவு டேனிஷ் வராது."

கீழ்வீட்டில் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்ரி எங்களுக்கும் தட்டு எடுக்க எழும்பினார். அம்மா இருக்கமாட்டேன் என்றார். நின்றுகொண்டே தமிழில் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு டேனிஷில் சொன்னேன்: "அம்மா மான் இறைச்சியைக் கொண்டுபோய்க் காட்டில் போட்டுவிட்டா. அம்மாவுக்குப் பயமாக இருந்தது."

"எதற்குப் பயம்?" என்று அன்ரி கேட்டார்.

"பொலிஸுக்கு. நேற்று வந்தவர்."

"அவர் சைக்கிள் களவு போனதைப் பற்றிக் கேட்கவல்லவா வந்தவர்!"

வேட்டைக்காரர் முள்ளுக்கரண்டியை வைத்தார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "அது வேட்டையை மூடுவதற்கு முந்தின வருடத்து மான். அனுமதி இருந்தபோது சுட்டது. மருமகளுக்கென்று ஒரு வருடம் வைத்திருந்தேன். விற்கக் கேட்டார்கள், விற்கவில்லை."

அதைத் தமிழில் சொல்ல வாய் திறந்தேன். தேவைப்படவில்லை. முந்தின வருடம், அனுமதி என்கிற சொற்களை அம்மா வகுப்பில் படித்திருந்தார். அவர் என் கையை விட்டுவிட்டார்.

"மேலேயும் கீழேயும்தானே இருக்கிறோம். ஏன் எங்களிடம் கேட்கவில்லை?" என்றார் அன்ரி. அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அம்மா சொன்ன பதிலை நான் அப்படியே டேனிஷாக்கினேன். அப்போது அதன் அர்த்தம் எனக்கே விளங்கவில்லை. "கேட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சதாப் போயிருக்கும். தெரிஞ்சுகொண்டு வைச்சிருந்தா இன்னும் பெரிய குற்றம்."

அன்ரியின் மகள், என் தோழி, எழும்பித் தன் அறைக்குள் போனாள். கதவு அடிபட்ட அடியில் சுவரில் இருந்த நாட்காட்டி விழுந்தது.

வேட்டைக்காரர் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு, "எந்த இடம்?" என்றார். வெளியே நல்ல உறைபனி. இறைச்சி பழுதாகியிருக்காது என்ற நினைப்பு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. அப்பாவும் மேலேயிருந்து ரோர்ச் லைற்றோடு இறங்கி வந்தார். அம்மா முன்னால் ஓடினார். பனிக்குள் அவருடைய சப்பாத்து ஒன்று கழன்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஆனால் காகங்களும் கடற்புறாக்களும் பகல் முழுக்க அங்கே இருந்திருக்கின்றன. நரியும் வந்திருந்தது. சுற்றியிருந்த பையெல்லாம் கிழிந்து, பனி முழுக்கச் சிவப்பும் எச்சமுமாகக் கிடந்தது. நாங்கள் கிட்டப் போனபோதும் ஒரு நரி போகவில்லை. ஒரு தொடை எலும்பைக் காலால் அமர்த்திக்கொண்டு வெளிச்சத்தை நிமிர்ந்து பார்த்தது.

வேட்டைக்காரர் அதைக் கலைக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சிரிக்கத் தொடங்கினார். நல்ல சிரிப்பில்லை. "பார் அண்ணை, இதுக்கு எத்தனை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார். பிறகு தன்னுடைய மொழியில் ஏதோ கத்தினார், நரியைப் பார்த்தல்ல, மரங்களுக்கு மேலே வடக்குப் பக்கமாக. அப்பா ரோர்ச்சை அணைத்துவிட்டார். மற்றவர் அழும்போது வெளிச்சம் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

விசா புதுப்பித்துக் கிடைத்தது. யாரும் இறைச்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமா வந்து, "பாத்தியளே, நான் சொன்னபடி செய்ததாலதான்," என்றார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி போடாமல் எழும்பி உள்ளே போய்விட்டார். மாமாவுக்கு எங்கள் வீட்டில் அப்படி நடந்தது அதுதான் முதல்முறை.

வசந்தத்தில் கொன்ஃபிர்மேஷன் நடந்தது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா மூன்று நாள் நின்று ஆட்டிறைச்சிக் கறியும் றோல்ஸும் செய்தார். விருந்தாளிகள் நன்றாகவே சாப்பிட்டார்கள். தோழி வெள்ளைச் சட்டையும் மணி கோத்த கழுத்துப்பட்டியுமாக நின்று எல்லோருக்கும் கைகொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோலவே. அடுத்த திங்கட்கிழமை நான் இறங்கி வந்தபோதும் கதவடியில் அவள் இல்லை. அவள் எனக்காக மறுபடி காத்து நிற்க அடுத்த வருடமாகியது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நடந்தோம்.

அடுத்த இலையுதிர்காலமும் வேட்டை மூடித்தான் இருந்தது. வேட்டைக்காரரின் படகை ஊரிலேயே விற்றாயிற்று. அப்பாதான் மேற்பார்வையாளரிடம் பேசி, வேட்டைக்காரரை மீன் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார். ஒரே மேசை. கடல் இழந்தவரும் மலை இழந்தவரும் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் அவர் வரவில்லை. அப்பாவோடு படிவரை வருவார், கீழ்வீட்டுக்குள் போய்விடுவார். அம்மா சமைத்துவிட்டு ஒரு தட்டை மூடி வைப்பார். சில நாள் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். தட்டு கழுவித் திரும்பி வரும்.

பிறகு ஒரு நாள் வேட்டையைத் திறந்தார்கள். நினைத்ததைவிட அங்கே மான் கூட இருக்கிறதாம் என்று செய்தியில் சொன்னார்கள். அப்பா இடைவேளையில் பத்திரிகையில் பார்த்துவிட்டு அவரிடம் காட்டியிருக்கிறார். அவர் வாசித்தார்; கையுறையைப் போட்டார்; மிச்ச மீனையும் வெட்டி முடித்தார். அன்று மாலை அப்பாவோடு எங்கள் மாடிவரை ஏறி வந்தார். அம்மா கதவைத் திறந்து, வழிவிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

அவர் மேசையில் வந்து இருந்தார். என்னைக் கூப்பிட்டார். "அம்மாவுக்குச் சொல்லு. உன்னில எனக்குக் கோபம் முடிஞ்சு கனகாலம். நீ ஒரு பெட்டி இறைச்சியைத்தான் எறிஞ்சனி. அவை என்ர இரண்டு வருசத்தை எறிஞ்சவை."

நான் சொன்னேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிநின்று வெகுநேரம் எதையோ கிண்டினார். சட்டியில் என்ன இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. அடுப்பு எரிந்ததாகவும் ஞாபகமில்லை.

அந்த வருடமே அவர் வடக்கே போய்விட்டார். படகு இல்லை. மற்றவர்களின் படகில் கூடப் போய்ச் சுட்டார். பிறகு எண்ணிக்கையைக் கூட்டினார்கள், காலத்தை நீட்டினார்கள். சுடுவது காணாது, இன்னும் சுடுங்கள் என்றுகூடச் சொன்னார்களாம். பிறகு குறைத்தார்கள். ஒவ்வொரு தரமும் அவர் அப்பாவுக்குத் தொலைபேசியெடுத்துக் கத்துவார். அப்பா றிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஓம் அண்ணை, ஓம் அண்ணை," என்பார். தன் பங்குக்குக் கடலைப் பற்றி இவரும் கத்துவார். இரண்டு பேருக்கும் டேனிஷ் கடைசிவரை திருந்தவில்லை.

அப்பா போன வருடம் ஆடி மாதம் காலமானார். கீழ்வீட்டு அன்ரிக்கு அறிவித்தோம். அவர் அண்ணனுக்கும் சொல்லியிருப்பார் என்று நினைத்தோம். ஆவணி முடிகிற நாட்களில் ஒரு நாள் நான் அம்மா வீட்டில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. அவர்தான். நான் என் பெயரைச் சொன்னேன். அவர் துக்கம் விசாரிக்கவில்லை. நேரடியாகத் தொடங்கினார்: இந்த வருடம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் மூடியிருக்கிறது, ஆளுக்கு எவ்வளவு, பெண்மானா ஆண்மானா, அதை எழுதினவனுக்குக் காலில் ஒரு தரமாவது மலைக்கல் குத்தியிருக்குமா. மூச்சு வாங்குகிற அளவுக்குச் சொன்னார். அம்மா எதிரே இருந்து, யார் என்று கையால் கேட்டார்.

பிறகு அந்தப் பக்கம் கதிரை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

"எனக்குச் சொன்னவை," என்றார் அவர். "தெரியும். ஆனா இதை இனி ஆருக்குச் சொல்லுறது? நான் ஆரோட சேந்து கோபப்படுறது?"

அம்மா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். எழுபத்தைந்து வயதில், தன்னிடம் இருந்த டேனிஷ் அவ்வளவையும் சேர்த்து, எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமல் சொன்னார்: "எனக்குச் சொல்லு அண்ணை. மெதுவாச் சொல்லு. எத்தனை எண்டவை?"